துண்டுகள் சேர்ந்து சுவராகும் கலை

சிறு சிறு துண்டுகளை நெருக்கமாகப் பதித்து ஒரு பரப்பை நிரப்புவதே மொசாயிக் கலை. கல், கண்ணாடி, சுட்ட களிமண் என எதுவும் இதற்கு உதவும். கி.பி. 715 அளவில் நிறைவுபெற்ற டமஸ்கஸ் உமையா பள்ளிவாசலின் சுவர்களில் கண்ணாடித் துண்டுகளால் மரங்களும் மாளிகைகளும் ஓடும் ஆறும் காட்டப்பட்டுள்ளன. மனித உருவமோ மிருக உருவமோ அவற்றில் இல்லை. மொரோக்கோவில் உள்ள வொலுபிலிஸ் என்ற உரோமர் கால நகரின் இடிபாடுகளில் கல் பதித்த தரைகளை இன்றும் காணலாம்.

அதே மொரோக்கோவின் பெஸ் நகரில் பேணப்பட்டு வரும் 'ஸெல்லீஜ்' என்ற கலையைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். இதற்கு ஒரு காரணம் உண்டு. "பிள்ளை கணக்கில் கெட்டிக்காரியா, சித்திரத்தில் கெட்டிக்காரியா?" என்று நம் வீடுகளில் பிரித்துக் கேட்பது வழக்கம். ஸெல்லீஜ் கலைஞர்களிடம் இந்தக் கேள்வி செல்லாது. அவர்களுக்கு இரண்டும் ஒரே வேலை.

பெஸ் கல்வியால் பெயர்பெற்ற நகரம். அங்குள்ள கரவிய்யீன் பள்ளிவாசலை 859ஆம் ஆண்டில் நிறுவியவர் பாத்திமா அல் பிஹ்ரி என்ற பெண்மணி என்று மரபுவழியாகக் கூறப்படுகின்றது. பிற்காலத்தில் அது பல்கலைக்கழகமாக வளர்ந்தது. 14ஆம் நூற்றாண்டில் மரீனிய ஆட்சியாளர்கள் அந்நகரில் பல மதரஸாக்களைக் கட்டினார்கள். அத்தாரீன் மதரஸா 1325இலும், பூ இனானிய்யா மதரஸா 1350களிலும் கட்டிமுடிக்கப்பட்டன. மாணவர்கள் ஓதித் திரிந்த அந்த முற்றங்களின் சுவர்களில் கீழ்ப்பகுதி ஸெல்லீஜ், அதற்குமேல் சாந்தில் செதுக்கிய வேலை, உச்சியில் மரவேலை என்ற ஒழுங்கைக் காணலாம்.

இனி, வேலை நடக்கும் முறையைப் பார்ப்போம். பெஸ் நகரை அண்டிய இடங்களில் எடுக்கும் களிமண்ணை நீரில் ஊறவைத்து, பிசைந்து, ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் சதுர ஓடுகளாக வார்த்து, வெயிலில் காயவைத்துச் சூளையில் சுடுகிறார்கள். பின்னர் ஒரு பக்கத்தில் மட்டும் வண்ணப் பூச்சிட்டு மீண்டும் சுடுகிறார்கள். வெள்ளை, கறுப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்பன பழைய வண்ணங்கள். ஒலிவ் எண்ணெய் பிழிந்தபின் எஞ்சும் சக்கையே சூளைக்கு விறகு. அது கரும்புகையைக் கக்குவதால், சூளைகள் பழைய நகருக்கு வெளியே ஐன் நுக்பி என்ற இடத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன.

சுட்ட ஓட்டின்மேல் ஒருவர் வடிவங்களை வரைந்து கொடுப்பார். வெட்டுபவர் நிலத்தில் அமர்ந்து, கூரிய விளிம்புள்ள பாரமான சுத்தியலால் கோட்டின் வழியே கொத்தி எடுப்பார். இன்னொருவர் ஓரங்களைச் சீராக்குவார். துண்டின் முகத்தைவிட முதுகு சற்றுச் சிறியதாக இருக்கும்படி பக்கங்களைச் சரிவாகக் கொத்துவது முக்கியம். அப்போதுதான் வண்ண முகங்கள் இடைவெளியின்றி ஒன்றையொன்று தொடும்.

பதிப்பவரின் வேலைதான் என்னை அதிகம் வியக்கவைத்தது. அவர் துண்டுகளை முகம் கீழே இருக்கும்படி கவிழ்த்து அடுக்குகிறார். அவர் கண்ணுக்குத் தெரிவது களிமண்ணின் முதுகு மட்டுமே. எது நீலம், எது பச்சை என்பது அவருடைய நினைவில் இருக்கிறது. அடுக்கி முடித்ததும் மேலே சாந்து அல்லது சீமெந்து ஊற்றி, இறுகியபின் பலகைபோல் தூக்கிச் சுவரில் பொருத்துகிறார்கள். அப்போதுதான் கோலம் முழுமையாகத் தெரியவரும்.

இதன் கேத்திரகணிதத்தை விளங்கிக்கொள்ள நான் வண்ணத் தாளை வெட்டிப் பார்த்தேன். நீங்களும் செய்து பார்க்கலாம். சம அளவான இரு சதுரங்களில் ஒன்றை 45 பாகை திருப்பி, நடுப்புள்ளிகள் பொருந்துமாறு மற்றதன்மேல் வையுங்கள். எண்முனை நட்சத்திரம் கிடைக்கும். சதுரத்தின் மூலைகளே அதன் முனைகள் என்பதால் ஒவ்வொரு முனையும் 90 பாகை. இத்தகைய நான்கு நட்சத்திரங்களை முனையோடு முனை தொடும்படி சதுர ஒழுங்கில் வைத்தால், நடுவில் கூர்முனை கொண்ட நாற்கை வடிவம் ஒன்று தானாகவே உருவாகும். அதன் முனைகளும் 90 பாகைதான். ஆகவே கோலத்தைத் தொடர்ந்து விரித்துச் செல்லும்போது, நட்சத்திரங்கள் தொடும் இடத்தில் நான்கு 90 பாகைகள் சேர்ந்து 360 ஆகின்றன. நட்சத்திரத்தின் உள்மடிப்பில் 225 பாகையும் அடுத்த வடிவத்தின் 135 பாகையும் சேர்ந்து அதே 360. ஒரு பாகை பிசகினாலும் துண்டுகள் பொருந்தாது. வெற்றிடம் என்று நாம் நினைத்ததும் ஒரு துண்டுதான்.

தலைமைக் கைவினைஞரை மொரோக்கோவில் 'மஅல்லம்' என்பார்கள். நாம் ஓதித்தரும் ஆசிரியரை 'முஅல்லிம்' என்கிறோமே, அதே அரபுச் சொல்தான். பொருத்தமான பெயர், ஏனெனில் அவர் செய்பவர் மட்டுமல்ல, கற்பிப்பவரும்கூட. புத்தகம் பார்த்து இந்த வேலையைப் படித்துவிட முடியாது. பழகுநர் பல ஆண்டுகள் அருகில் இருந்து, எளிய வடிவங்களில் தொடங்கிப் படிப்படியாகக் கற்கிறார். பெரும்பாலும் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்ற தொழில் இது. அந்தத் தொடர்ச்சியால்தான் 1993இல் திறக்கப்பட்ட கஸபிளங்கா ஹஸன் II பள்ளிவாசலை அலங்கரிக்கக் கைகள் கிடைத்தன. 2011இல் நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் மொரோக்கோ முற்றம் ஒன்றை அமைக்கவும் பெஸ் கைவினைஞர்களையே அழைத்தார்கள்.

இன்று ஸெல்லீஜ் கோலத்தை அப்படியே அச்சிட்ட மலிவான ஓடுகள் கடைகளில் கிடைக்கின்றன. தூசிக்குள் குனிந்திருந்து கொத்தும் தொழிலைவிடப் பாடசாலைப் படிப்பைப் பிள்ளைகள் தேடுவதும் நியாயமானதே. சிறு பிள்ளைகள் சுத்தியல் பிடிக்கவேண்டும் என்று யாரும் விரும்பமாட்டோம். ஆனால் படிப்பு ஒரு பக்கம், கைவேலை மறுபக்கம் என்று வைத்தால், கற்பிக்கும் மஅல்லம் மறையும்போது அவர் மனதில் வைத்திருந்த கோலமும் மறைந்துவிடும். ஒரு மஅல்லமின் கையிலுள்ள கணிதமும் படிப்பே என்று ஏற்றுக்கொள்வதுதான் இதற்கு வழி என்று நான் கருதுகிறேன்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மகள் கணிதக் கொப்பியின் ஓரத்தில் நட்சத்திரம் வரைந்தால் உடனே ஏசிவிடாதீர்கள். எத்தனை முனை, ஒவ்வொன்றும் எத்தனை பாகை என்று கேளுங்கள். அவளும் விடை தேடத் தொடங்குவாள்.