முதல் குழி எங்கே?

நெய்வேலி நகரியத்தில் ஏதேனும் ஒரு வட்டத்தில் உள்ள வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அப்பா பணி ஓய்வு பெறப்போகிறார். குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். பரண் நிறையப் பாத்திரங்கள், ஓடாத மின்விசிறி, அக்காவின் பழைய பாடநூல்கள், பல ஆண்டுகளாகப் பிரிக்காத அட்டைப்பெட்டிகள்! எல்லாவற்றையும் ஒருசேரப் பார்த்த அம்மா, திகைத்து உட்கார்ந்து விடுகிறார்.

இது சோம்பல்தானா? இல்லை. பல பொருள்கள் ஒரே நேரத்தில் கண்ணில் படும்போது, அவை மூளையின் பார்வைப் பகுதியில் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. அமெரிக்காவில் மக்மெயின்ஸ், காஸ்ட்னர் என்ற இரு விஞ்ஞானிகள் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதை விளக்குகிறது. எதைக் கவனிப்பது என்று முடிவு செய்வதே மூளைக்கு ஒரு வேலையாகிவிடுகிறது!

அப்படியானால் எங்கே தொடங்குவது? ஊருக்குப் பக்கத்திலுள்ள சுரங்கத்தைப் பாருங்கள். அங்கே பழுப்பு நிலக்கரிக்கு மேலே பல பத்து மீட்டர் கனத்துக்கு மண் மூடியிருந்தது. 1957 மே மாதம் தோண்டத் தொடங்கினார்கள். நிலக்கரி கண்ணில் பட்டதோ 1961 ஆகஸ்டில்தான். நான்கு ஆண்டுகளுக்கு மேல் மண்ணை அகற்றும் வேலையே நடந்தது!

முழு நிலத்தையும் ஒரே சமயத்தில் தோண்டுவதில்லை. ஓரிடத்தில் முதல் குழியை வெட்டுவார்கள். அந்த மண்ணைச் சுரங்கத்துக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டியாக வேண்டும். உள்ளே கொட்ட இடம் ஏது? நிலக்கரியை எடுத்தபின் அந்தக் குழி காலியாகிறது. அதன்பின் முன்னே வெட்டும் மண்ணைப் பின்னே உள்ள காலியிடத்தில் கொட்டலாம். வேலை எளிதாகிவிடும்.

வீட்டிலும் இப்படியே செய்யலாம்.

1. ஒரே ஓர் இழுப்பறையை அல்லது அலமாரித் தட்டைத் தேர்ந்தெடுங்கள். மற்றவற்றைப் பார்க்காதீர்கள்.

2. சான்றிதழ்கள், குடும்ப அட்டை, புகைப்படங்கள் ஆகியவற்றை முதலில் தனியே பத்திரப்படுத்துங்கள்.

3. உடைந்தவை, பழைய தாள்கள் போன்றவற்றை அன்றே வெளியேற்றுங்கள். அடுத்த அறைக்கு மாற்றினால் குப்பை இடம் மாறுமே தவிரக் குறையாது. பெரியவர்களின் பொருள் என்றால் அவர்களைக் கேட்டபின் எடுங்கள்.

4. இப்போது கிடைத்த காலியிடத்தை உடனே நிரப்பாதீர்கள். அடுத்த தட்டின் பொருள்களை அங்கே பரப்பி, ‘வேண்டும்’, ‘பிறருக்குக் கொடுக்கலாம்’, ‘பழைய பேப்பர் கடைக்கு’ என்று பிரியுங்கள்.

இன்னொரு செய்தி. நெய்வேலியில் நிலக்கரிப் படிவத்தின் அடியிலுள்ள நிலத்தடி நீர் மிகுந்த அழுத்தத்தோடு மேல்நோக்கி முட்டுகிறது. இரவு பகலாக அதை இறைத்தால்தான் சுரங்கம் பிழைக்கும். வீட்டுக்குள்ளும் நாள்தோறும் புதிய பொருள்கள் வந்துகொண்டே இருக்கின்றன அல்லவா? ஒரு முறை ஒழுங்குசெய்தால் போதாது. சிறிது சிறிதாக வெளியேற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

இன்று மாலையே செய்து பாருங்கள். கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிடம், ஓர் இழுப்பறை மட்டும். முன்பு எத்தனை பொருள்கள் இருந்தன, பிறகு எத்தனை என்று குறித்து வையுங்கள். திகைத்து உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் அந்தக் காலி இழுப்பறையைக் காட்டுங்கள். அதுதான் உங்கள் வீட்டின் முதல் குழி!