அப்பாவுக்கு ஒரு டீமேட், மகனுக்கு ஒரு ஆப்... மொத்தக் கணக்கு யாரிடம்? வீட்டு கம்ப்யூட்டரில் ஒரு பங்குப் பதிவேடு!

2022 மே மாதம் எல்.ஐ.சி பங்கு வெளியீடு வந்தபோது, அதுவரை பங்குச்சந்தைப் பக்கம் தலைவைத்துப் படுக்காத குடும்பங்கள்கூட டீமேட் கணக்கு தொடங்கின. பாலிசிதாரர்களுக்குத் தனி ஒதுக்கீடு, பங்குக்கு 60 ரூபாய் தள்ளுபடி. 949 ரூபாய் பங்கு அவர்களுக்கு 889 ரூபாய். ஒரு லாட் 15 பங்குகள். ஆகமொத்தம் 13,335 ரூபாய். மே 17-ம் தேதி தேசியப் பங்குச்சந்தையில் வர்த்தகம் தொடங்கியதோ 872 ரூபாயில். தள்ளுபடியில் வாங்கியவருக்கும் முதல் நாளே கையைக் கடித்தது.

அதே ஆண்டு ஆகஸ்ட்டில் நாட்டின் டீமேட் கணக்குகள் 10 கோடியைத் தாண்டின. புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்கள் மாதிரியான இடங்களில் சேமிப்பு என்றால் நகை, சீட்டு, மனை, எல்.ஐ.சி, தபால் ஆபீஸ் என்றுதான் வரிசை போகும். அந்த வரிசையின் கடைசியில் இப்போது பங்கும் வந்து நிற்கிறது. வந்த விதம்தான் சிக்கல். அப்பாவுக்கு வங்கி வழியாகத் தொடங்கிய டீமேட், அதில் எல்.ஐ.சி பங்கு. மகனுக்கு செல்போன் ஆப். அதில் நண்பர்கள் சொன்ன நாலைந்து கம்பெனிகள். அம்மா பெயரில் மியூச்சுவல் ஃபண்ட் எஸ்.ஐ.பி. மூன்று கணக்கு, மூன்று பாஸ்வேர்டு. ‘மொத்தமா எவ்வளவு போட்டோம், இப்ப எவ்வளவு இருக்கு?’ என்று கேட்டால் வீட்டில் ஒருவராலும் பதில் சொல்ல முடியாது.

இதற்குத்தான் வீட்டு கம்ப்யூட்டரில் ஒரு தனிப் பதிவேடு. வாங்கவோ விற்கவோ அதில் வழி கிடையாது. என்ன இருக்கிறது, என்ன விலைக்கு வாங்கினோம், இன்று என்ன விலை என்பதை மட்டும் சொல்லும். அந்தக் குறைதான் அதன் பலம்.

விலை தெரியும், கை துறுதுறுக்கும்!

புரோக்கர் ஆப்பிலேயே எல்லாம் தெரிகிறதே என்று தோன்றலாம். அந்த ஆப்பில் அந்த புரோக்கரிடம் உள்ளது மட்டும்தான் தெரியும். இன்னொரு விஷயமும் உண்டு. காலை 9.15 முதல் மாலை 3.30 வரை விலை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருப்பவருக்கு, விரலுக்குப் பக்கத்திலேயே ‘வாங்கு’, ‘விற்பனை செய்’ பட்டன்கள். 2022-23 நிதியாண்டில் பங்குகளை அன்றே வாங்கி அன்றே விற்ற தனிநபர்களில் 10-க்கு 7 பேர் நஷ்டப்பட்டதாக செபியின் 2024 ஜூலை ஆய்வு சொன்னது. செப்டம்பரில் வந்த அடுத்த ஆய்வு இன்னும் மோசம். 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில் ஃபியூச்சர்ஸ் அண்டு ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்களில் 93% பேருக்கு நஷ்டம். தொகை 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல்.

வாரத்துக்கு ஒருமுறை, சந்தை இல்லாத சனிக்கிழமையில் கம்ப்யூட்டரைத் திறந்து கணக்குப் பார்ப்பவருக்கு இந்தத் துறுதுறுப்பு பாதி குறைந்துவிடும்.

எந்த புரோகிராம்?

பணம் கொடுத்து எதையும் வாங்கத் தேவையில்லை. எளிமையானது ‘லிப்ரே ஆபீஸ்’ தொகுப்பில் உள்ள ‘கால்க்’. இலவசம், மெனுக்களைத் தமிழிலும் வைத்துக்கொள்ளலாம். தேதி, கம்பெனி, எண்ணிக்கை, விலை, புரோக்கரேஜ் மற்றும் வரிகள் என ஐந்து பத்திகள் போதும். பக்கத்துக் கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் 2011 முதல் மாணவர்களுக்குக் கிடைத்த அரசு லேப்டாப் மாதிரியான பழைய இயந்திரமும் இதற்குத் தாங்கும்.

அடுத்த படி, ‘போர்ட்ஃபோலியோ பெர்ஃபாமன்ஸ்’. ஜெர்மனியில் பிறந்த திறந்தமூல மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். 64 பிட் கம்ப்யூட்டர் வேண்டும். இதுவும் இலவசம்தான். கணக்கு முழுவதும் உங்கள் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு ஃபைலாக இருக்கும். அதற்கு பாஸ்வேர்டு பூட்டும் போடலாம். செல்போன் நம்பர், பான் நம்பர் எதுவும் கேட்காது. வீட்டு வரவு செலவையும் சேர்த்து எழுத நினைப்பவர்களுக்கு ‘குனு கேஷ்’ இருக்கிறது. ஆனால், பற்று வரவு முறைப்படி கணக்கு எழுதிப் பழகாதவர்களுக்கு அது முதலில் கொஞ்சம் மிரட்டும்.

விலை எங்கிருந்து வரும்? யாஹூ ஃபைனான்ஸிலிருந்து தானாக எடுத்துக்கொள்ளச் செய்யலாம். கம்பெனியின் குறியீட்டுக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து, தேசியப் பங்குச்சந்தை என்றால் ‘என்.எஸ்’, மும்பைச் சந்தை என்றால் ‘பி.ஓ’ என்ற ஆங்கில எழுத்துகளைச் சேர்க்க வேண்டும். இந்த ஒட்டைச் சேர்க்காமல் விட்டுவிட்டு ‘விலையே வரவில்லை’ என்று புலம்புபவர்கள்தான் அதிகம். விலை சற்றுத் தாமதமாக வரும். நாள் வணிகருக்கு அது ஆகாது, குடும்பக் கணக்குக்குத் தாராளம்.

நெட் சரியாக வராத ஊர்களுக்கு இன்னொரு வழி உண்டு. சந்தை முடிந்ததும் இரண்டு பங்குச்சந்தைகளும் அன்றைய விலைப்பட்டியலை ‘பாவ்காப்பி’ என்ற ஃபைலாகத் தங்கள் தளத்தில் இலவசமாகப் போடுகின்றன. இந்தியில் ‘பாவ்’ என்றால் விலை. அன்று வர்த்தகமான எல்லாப் பங்குகளின் தொடக்க விலையும் முடிவு விலையும் அதில் இருக்கும். அந்த ஒரு சின்ன ஃபைலை இறக்கி கால்க்கில் திறந்தால் வேலை முடிந்தது. மியூச்சுவல் ஃபண்டுகளின் என்.ஏ.வி மதிப்பையும் ஆம்ஃபி அமைப்பு இதேபோல் தினமும் வெளியிடுகிறது.

கணக்கெழுதிப் பத்திரப்படுத்துவது பாகூருக்குப் புதிதும் அல்ல. 9-ம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்ம பல்லவன் காலத்தில், இங்கிருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடுத்ததை வடமொழியிலும் தமிழிலும் செப்பேட்டில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஹார்டு டிஸ்க் அவ்வளவு நாள் தாங்காது. பென் டிரைவில் ஒரு காப்பி கட்டாயம்.

‘20% லாபம்’ என்பது எத்தனை லாபம்?

2022 ஜனவரி 1-ல் 10,000 ரூபாய், 2024 ஜனவரி 1-ல் இன்னொரு 10,000 ரூபாய் போட்டதாக வைத்துக்கொள்வோம். 2025 ஜனவரி 1-ல் மதிப்பு 24,000. பார்த்தால் 20% லாபம். ஆனால், முதல் 10,000 மூன்று வருடம் உழைத்திருக்கிறது. அடுத்தது ஒரே வருடம்தான். காலத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் வருடத்துக்குச் சுமார் 9.3%தான் வரும். வங்கி டெபாசிட் வட்டியோடு ஒப்பிட வேண்டிய எண் இதுதான். கால்க்கிலும் எக்செல்லிலும் ‘எக்ஸ்.ஐ.ஆர்.ஆர்’ என்ற சூத்திரம் இதைச் செய்யும். போர்ட்ஃபோலியோ பெர்ஃபாமன்ஸ் கேட்காமலேயே காட்டும்.

பாதியான ரிலையன்ஸ்!

இந்தப் பதிவேட்டில் அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் போனஸும் பிரிப்பும்தான். 2023 தொடக்கத்தில் ஒருவர் 10 ரிலையன்ஸ் பங்குகளை 2,400 ரூபாய்க்கு வாங்கினார் என்று கொள்வோம். முதலீடு 24,000 ரூபாய். 2023 ஜூலையில் ஜியோ ஃபைனான்ஷியல் தனியாகப் பிரிந்தது. ஒரு ரிலையன்ஸுக்கு ஒரு ஜியோ ஃபைனான்ஷியல் பங்கு. 2024 அக்டோபர் 28-ல் ஒன்றுக்கு ஒன்று போனஸ்; 2,650 ரூபாயையொட்டி இருந்த விலை 1,330 ரூபாய்ப் பக்கம் வந்தது.

பதிவேட்டில் எதையும் திருத்தாமல் இருந்தால் அன்று திரையில் என்ன தெரியும்? 10 பங்கு, 13,300 ரூபாய், 45% நஷ்டம். பதறிப்போய் விற்கத் தோன்றும். உண்மையில் கையில் இருப்பது 20 பங்குகள், 26,600 ரூபாய். அதுபோக 10 ஜியோ ஃபைனான்ஷியல் பங்குகள் தனி.

வாங்கிய விலையையும் பிரிக்க வேண்டும். பழைய முதலீட்டில் 4.68% ஜியோ ஃபைனான்ஷியலுக்கு, 95.32% ரிலையன்ஸுக்கு என்று கம்பெனியே அறிவித்தது. அதன்படி 24,000-ல் 1,123 ரூபாய் 20 காசு ஜியோ ஃபைனான்ஷியலின் அடக்க விலை. மீதி 22,876 ரூபாய் 80 காசு ரிலையன்ஸுக்கு. பங்குக்கு 2,287 ரூபாய் 68 காசு.

போனஸில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வருமான வரியைப் பொறுத்தவரை போனஸ் பங்கின் அடக்க விலை பூஜ்யம். டீமேட்டில் முதலில் வந்த பங்குதான் முதலில் வெளியே போனதாகக் கணக்கு. எனவே, 20-ல் 10-ஐ விற்றால் 2,287 ரூபாய் பங்குகள்தான் விற்றவை. மீதி 10-ன் அடக்கம் பூஜ்யம். அவற்றை விற்கும்போது வரும் பணம் முழுவதுமே லாபம். போனஸை ‘ஸ்பிளிட்’ என்று பதிந்தால் புரோகிராம் 20 பங்குகளுக்கும் சமமாக 1,143 ரூபாய் 84 காசு என்று பிரித்துவிடும். வரி கட்டும்போது இந்த எண் உதவாது. பூஜ்ய விலையில் புதிதாக வந்து சேர்ந்த பங்குகளாகப் பதிவதே சரி.

வரி விகிதங்கள் 2024 ஜூலை 23 முதல் மாறியிருக்கின்றன. பங்குகளை ஒரு வருடத்துக்குமேல் வைத்திருந்து விற்றால், ஆண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5%. ஒரு வருடத்துக்குள் விற்றால் 20%. 2018 ஜனவரி 31-க்கு முன் வாங்கிய பங்குகளுக்கு அந்த ஒரு நாளின் விலையும் வரிக் கணக்கில் வருகிறது. அதற்குத் தனிப் பத்தி போட்டு வைப்பது பின்னால் தலைவலியைக் குறைக்கும்.

எழுதி வைக்காத கணக்கு எவ்வளவு தூரம் விலகிப் போகும் என்பதற்கு இன்ஃபோசிஸ் உதாரணம். 1993-ல் 95 ரூபாய்க்கு 100 பங்குகள் வாங்கி விற்காமல் வைத்திருந்தவரிடம், போனஸ்களும் முகமதிப்புப் பிரிப்பும் சேர்ந்து, 2018 போனஸுக்குப் பிறகு 1,02,400 பங்குகள் இருந்திருக்கும். டைரியில் இருப்பதோ ‘இன்ஃபோசிஸ் 100’ என்ற ஒற்றை வரி.

திரையில் தெரிவது நிஜமா?

நீங்களே தட்டி எழுதிய எண்ணை நீங்களே நம்புவதில் அர்த்தமில்லை. சரிபார்க்க ஒரு ஆவணம் இருக்கிறது. என்.எஸ்.டி.எல், சி.டி.எஸ்.எல் ஆகிய டெபாசிட்டரிகள் பான் எண்ணை வைத்து, எல்லா டீமேட் கணக்குகளையும் மியூச்சுவல் ஃபண்டுகளையும் ஒரே அறிக்கையாக மின்னஞ்சலில் அனுப்புகின்றன. அந்த மாதம் பரிவர்த்தனை இருந்தால் மாதாமாதம். இல்லையென்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. பல வீடுகளில் இது திறக்கப்படாமலேயே கிடக்கிறது. திறப்பதற்கான பாஸ்வேர்டு பான் எண்தான்.

2019 நவம்பரில் கார்வி புரோக்கிங் நிறுவனம் வாடிக்கையாளர்களின் பங்குகளைத் தவறாகப் பயன்படுத்தியதாகக் கூறி, புது வாடிக்கையாளர்களைச் சேர்க்க செபி தடை விதித்தது. அந்தப் பங்குகளை அடகு வைத்துக் கடன் வாங்கியது பிறகு பெரிய வழக்கானது. புரோக்கர் காட்டும் எண்ணிக்கையும் டெபாசிட்டரி அறிக்கையின் எண்ணிக்கையும் ஒன்றா என்று பார்ப்பது ஏன் அவசியம் என்று அன்று பலருக்குப் புரிந்தது.

வாட்ஸ்அப், டெலிகிராம் குரூப்களில் ‘டிப்ஸ்’ கொடுத்து, போலி ஆப்பில் பணம் போட வைப்பவர்களைக் கண்டுகொள்ளவும் இதே சோதனை உதவும். அந்த ஆப்பில் 2 லட்சம் 8 லட்சமானதாகத் தெரியும். டெபாசிட்டரி அறிக்கையில் அப்படி ஒரு பங்கே இருக்காது. ‘புரோகிராம் இன்ஸ்டால் செய்து தருகிறேன்’ என்று சொல்லி, உங்கள் கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்து இயக்கும் மென்பொருளைப் போடச் சொன்னால் அங்கேயே போனை வைத்துவிடலாம். பணம் போய்விட்டிருந்தால் உடனே 1930-ஐ அழைக்க வேண்டும்.

வீட்டில் இன்னொருவருக்குத் தெரியுமா?

கணக்கு வைத்திருந்தவர் திடீரென்று இல்லாமல் போனால், அந்த 15 எல்.ஐ.சி பங்குகளைப் பற்றி மனைவிக்குத் தெரியுமா? தொடர்ந்து ஏழு ஆண்டுகள் டிவிடெண்ட் கோரப்படாமல் கிடந்தால், டிவிடெண்டும் அந்தப் பங்குகளும் மத்திய அரசின் ஐ.இ.பி.எஃப் என்ற நிதியத்துக்குப் போய்விடும். திரும்பப் பெற வழி உண்டு. ஆனால், விண்ணப்பம், வாரிசுச் சான்று, கம்பெனியின் சரிபார்ப்பு என்று அலைய வேண்டும். 1937-ல் தொடங்கி 2015-ல் மூடப்பட்ட மெட்ராஸ் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் காலத்துக் காகிதப் பங்குகள் டிரங்க் பெட்டியில் இருந்தால், அவற்றையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். 2019 ஏப்ரல் முதல் காகிதப் பங்குகளை அப்படியே இன்னொருவருக்கு விற்க முடியாது. டீமேட்டுக்கு மாற்றியாக வேண்டும்.

எனவே, பதிவேட்டின் முதல் பக்கத்தில் விலைகளுக்கு முன்னால் வர வேண்டியவை வேறு. எந்த புரோக்கர், டீமேட் கணக்கு எண், எந்த வங்கிக் கணக்குக்கு டிவிடெண்ட் வருகிறது, நாமினி யார், அறிக்கை எந்த மின்னஞ்சலுக்கு வருகிறது. பாஸ்வேர்டுகளை அதே பக்கத்தில் எழுத வேண்டாம். மகன் பாரிஸிலோ சென்னையிலோ இருந்தால் ஃபைலின் ஒரு காப்பி அவரிடமும் இருக்கட்டும். ஆறு மாத அறிக்கை வரும்போது அந்தப் பக்கத்தை ஒரு பிரின்ட் எடுத்து, மேலே தேதி எழுதி, பீரோவில் மனைப் பத்திரம் இருக்கும் கவரிலேயே வைத்துவிடலாம். பழைய பிரின்ட்டைக் கிழித்துப் போட மறக்கக் கூடாது. இரண்டு தேதியில் இரண்டு பட்டியல் இருந்தால் தேடுபவர்தான் குழம்பிப்போவார்.