ஹெரால்டு காருக்கு மாருதி காலிப்பர்

"அண்ணே, தாத்தாவோட ஹெரால்டுக்கு மாருதி 800 காலிப்பரைப் போட்டுரலாமா? ஒரு பிளேட்டு வெட்டி நாலு ஓட்டை போட்டா உட்கார்ந்துரும்னு லேத் பட்டறையில சொல்றாங்க" என்று காரைக்குடி டீக்கடையில் ஒரு தம்பி கேட்டார். உட்காரும், தம்பி. வண்டி நிற்குமா, அதைப் பேசுவோம். இன்னொரு டீ சொல்லுங்கள். இது ஒரு கிளாஸில் முடிகிற பேச்சில்லை.

முதலில் உங்கள் வண்டி எந்த வம்சம் என்று தெரியணும். இங்கிலாந்தில் டிரையம்ப் 1959-இல் கொண்டுவந்த ஹெரால்டை, 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு கம்பெனி தயாரித்தது. அதே ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கித்தான் 1962-இல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. இரண்டுக்கும் உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரரான மிக்கெலோட்டி. முன் சஸ்பென்ஷனும் ஏறக்குறைய ஒன்றுதான். ஸ்பிட்ஃபயருக்கு ஆரம்பத்திலிருந்தே முன்னால் 9 அங்குல டிஸ்க். இங்கிலாந்து ஹெரால்டிலும் 1963-இல் வந்த 12/50 மாடலில் டிஸ்க் வந்துவிட்டது. உங்கள் வண்டியில் இருப்பது நாலு சக்கரத்திலும் டிரம். ஆக, டிஸ்க் இந்த முன்பக்கத்துக்குப் புதுசில்லை. மாருதி காலிப்பர்தான் புதுசு.

வேறு வண்டிக் காலிப்பரை மாட்டுவதில் தப்பே இல்லை. டாட்சன் 240இசட் என்ற ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காருக்கு டொயோட்டா பிக்கப்பின் நாலு பிஸ்டன் காலிப்பரை அமெரிக்காவில் எத்தனையோ பேர் மாட்டி ஓட்டுகிறார்கள். அங்கே போல்ட் ஓட்டைகள் தாமாகவே பொருந்துகின்றன. டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் தகட்டைக் கொஞ்சம் வெட்டினால் போதும். அப்படி இருந்தும் விவரம் தெரிந்தவர்கள் அதோடு விடுவதில்லை. 7/8 அங்குல மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றிவிட்டு 15/16 அங்குலம் போடுகிறார்கள். ஏன் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

48 மி.மீ. பிஸ்டன் இருந்த இடத்தில் 54 மி.மீ. பிஸ்டன் வைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். டிரையம்ப்பின் ஆறு சிலிண்டர் வண்டியான ஜிடி6-இல் 54 தான். பரப்பு கால் பங்குக்கு மேல் கூடிவிடும். அதே மிதிக்குப் பிடியும் அந்த அளவு கூடும். ஆனால் பெரிய பிஸ்டனைத் தள்ள ஆயிலும் அந்த அளவு கூடுதலாக வேணும். அதை அனுப்ப வேண்டியது உங்கள் கால்தான், அதனால் பெடல் கீழே போகும். சரி என்று 5/8 அங்குல மாஸ்டர் சிலிண்டரை 0.7 அங்குலமாக மாற்றினால் பெடல் மேலே வந்துவிடும். ஆனால் மாஸ்டர் சிலிண்டரின் பரப்பும் கால் பங்கு கூடிவிட்டதே! பிஸ்டனில் கிடைத்த லாபம் ஏறக்குறைய முழுசாகப் போய்விட்டது. ஜிடி6 பிரேக்கில் உண்மையான லாபம் அதன் 9.7 அங்குல டிஸ்க்கில் இருக்கிறது. பேட் கொஞ்சம் வெளியே தள்ளி நின்று பிடிப்பதால் நெம்பும் தூரம் அதிகம். இரும்பும் கூட இருப்பதால் சூட்டைத் தாங்கும்.

பிஸ்டன் எண்ணிக்கையைப் பார்த்தும் மயங்காதீர்கள். இரண்டு பக்கமும் பிஸ்டன் உள்ள காலிப்பரில் ஒரு பக்கத்தை மட்டும்தான் கணக்கில் எடுக்கணும். மாருதியினுடையது ஒற்றைப் பிஸ்டன், நகரும் வகை. அதே விட்டத்தில் எதிரெதிராக இரண்டு பிஸ்டன் உள்ள காலிப்பர் என்ன பிடி பிடிக்குமோ, அதே பிடியை இதுவும் பிடிக்கும்.

அடுத்தது ஹப். மாருதி ஹப்பையும் சேர்த்து எடுத்துவிடலாம் என்று நினைப்பு வரும். அது முன்சக்கரம் இழுக்கிற வண்டி. ஹப்புக்குள் பல் வெட்டியிருக்கும், ஆக்சில் அதற்குள் போகும். ஹெரால்டு ஹப்போ ஸ்டப் ஆக்சிலில் பேரிங்கின் மேல் சுற்றுவது. வீல் போல்ட் வட்டமும் வேறு: ஹெரால்டுக்கு 95.25 மி.மீ., மாருதிக்கு 114.3. எனவே ஹப் ஹெரால்டுடையதாகவே இருக்கணும், டிஸ்க் அதற்குப் பொருந்தணும், காலிப்பர் அந்த டிஸ்க்குக்கு இணங்கணும். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால்தான் பட்டறையில் பணம் கரையும்.

இப்போது அந்தப் பிளேட்டுக்கு வருவோம். பிரேக் பிடிக்கும்போது டிஸ்க் காலிப்பரையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகப் பார்க்கும். அந்த இழுப்பு முழுவதையும் தாங்குவது இந்தப் பிளேட்டும் இரண்டு போல்ட்டும்தான். பழைய இரும்புக்கடைத் தகடு வேண்டாம். வாசரை அடுக்கி அளவு சரிக்கட்டவும் கூடாது; ஸ்பேசரை ஒரே துண்டாகக் கடையச் சொல்லுங்கள். சஸ்பென்ஷன் பாகத்தில் வெல்டிங் வைக்கவே கூடாது, அந்தச் சூடு ஃபோர்ஜிங்கின் பலத்தைக் கெடுத்துவிடும். டிஸ்க் காலிப்பரின் நடுவில் ஓடுகிறதா என்று இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். பிறகு 13 அங்குல வீலை மாட்டி, ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பி, காலிப்பர் ரிம்மில் உரசுகிறதா, ஹோஸ் இழுபடுகிறதா என்று பாருங்கள்.

ஏர் எடுக்கிற நிப்பிள் மேல்பக்கம் இருக்கணும். இடம் வலம் மாறிப்போனால் நிப்பிள் கீழே வந்துவிடும். காற்று மேலேயே தங்கி, எத்தனை தடவை ஏர் எடுத்தாலும் பெடல் பஞ்சாகவே கிடக்கும். டிரம்முக்கென்று செய்த சில மாஸ்டர் சிலிண்டர்களில் லைனில் கொஞ்சம் அழுத்தத்தை எப்போதும் நிறுத்திவைக்கிற வால்வு இருக்கும். அதை அப்படியே விட்டால் பேட் டிஸ்க்கை விடாமல் தேய்த்துச் சூடேற்றும். இன்னொன்று, டிரம்மில் ஷூ தானே கொஞ்சம் இழுத்துக்கொள்ளும்; டிஸ்க்குக்கு அந்த உதவி கிடையாது. பூஸ்டர் இல்லாத வண்டியில் முதல் நாள் கால் கனமாகத்தான் தெரியும்.

எனக்கு உள்ளபடியே கவலை பின்சக்கரத்தைப் பற்றித்தான். முன்பக்கம் மாறியதும் முன்னுக்கும் பின்னுக்கும் இருந்த பங்கு மாறிவிடுகிறது. பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டி சுற்றிவிடும். ஹெரால்டின் பின்சக்கரங்கள் ஸ்விங் ஆக்சிலில் தொங்குபவை. வளைவில் அழுத்திப் பிரேக் போட்டாலே அடக்கம் தவறும். முதல் ஓட்டத்தை ஆளில்லாத நேரான ரோட்டில், மெதுவான வேகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சக்கரம் முதலில் நிற்கிறது என்று வெளியே ஒருவர் நின்று பார்க்கட்டும்.

பழைய பாகம் எதையும் வெட்டாதீர்கள், எடைக்கும் போடாதீர்கள். 50 வயது தாண்டிய வண்டியைப் பழைமை வாகனமாகப் பதிய 2021-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்திருக்கிறது. வண்டி அசல் வடிவில் இருக்கணும் என்கிறது அது. கழற்றினால் பழையபடி ஆகிவிடுகிற வேலைதான் உங்களுக்கு நல்லது.

என்னைக் கேட்டால், ஸ்பிட்ஃபயர் முன்பக்க பிரேக் சாமான் ஒரு செட் கிடைக்குமா என்று முதலில் தேடுங்கள். அது இந்த வண்டிக்கென்றே பிறந்த அளவு. கிடைக்கவே இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை வெர்னியரோடு வருகிறேன். மாஸ்டர் சிலிண்டர், பின் வீல் சிலிண்டர், அந்த மாருதி காலிப்பர் மூன்றையும் அளந்துவிட்டு, அப்புறம் லேத்துக்குப் போகலாம்.