போட்டோ சுருங்கணும், முகம் தெரியணும்



எங்க அக்கா டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்கு விண்ணப்பம் போட்டாள். போட்டோ 20 கே.பி.க்குக் குறையக் கூடாது, 50 கே.பி.யைத் தாண்டக் கூடாது. கையெழுத்து 10 முதல் 20 கே.பி.க்குள். அன்னைக்குத்தான் கடைசி நாள். போனில் எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் அதை 48 கே.பி. ஆக்கித் தந்தார்கள். வீட்டில் திறந்து பார்த்தால் முகம் பூரா கட்டம் கட்டமா இருக்கு, மூக்குத்தியைக் காணோம். அம்மா எட்டிப் பார்த்து, "ஏட்டி, இது யாரு?" என்று கேட்டாங்க. அக்கா அழுதுட்டாள். போட்டோ தெளிவில்லை என்றால் விண்ணப்பமே தள்ளுபடி ஆகலாமே!

அளவு சரிதான், அப்புறம் ஏன் இப்படி ஆச்சு?

கம்ப்யூட்டர் படம் என்பது புள்ளிக்கோலம் மாதிரி. அந்தப் படத்தில் அகலத்துக்கு 1200 புள்ளி, உயரத்துக்கு 1600 புள்ளி. பெருக்கினால் 19,20,000. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று 3 பைட் வேணும். அப்படியே வைத்தால் 57 லட்சம் பைட்டுக்கு மேல் போகும். அதைச் சுருக்கும் முறைதான் ஜேபெக். 1992-ல் வந்த தரம். படத்தை எட்டுக்கு எட்டு, 64 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு அவ்வளவா தெரியாத நுணுக்கத்தை மட்டும் கழித்துவிடும். இதற்கான கணக்கை 1974-ல் வெளியிட்டவர்கள் மூன்று பேர்: பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, நடராஜன், கே.ஆர். ராவ். (கணக்கு டீச்சர் கவனிக்க: அதில் வருவது கொசைன்!)

தரத்தை ரொம்பக் குறைத்தால் 64 புள்ளியும் ஏறக்குறைய ஒரே நிறமாகிவிடும். அக்கா முகத்தில் தெரிந்த கட்டம் அதுதான். புள்ளியைக் குறைக்காமல் தரத்தை மட்டும் அடிமட்டத்துக்கு இழுத்திருக்கிறார்கள்.

நான் கிம்ப் என்ற இலவச மென்பொருளில் செய்து பார்த்தேன். போனில் இருந்த மூலப்படத்தையே கேபிள் போட்டு எடுத்தேன். முதலில் முகமும் தோளும் மட்டும் வருமாறு வெட்டினேன். பிறகு 350-க்கு 450 புள்ளி ஆக்கினேன். 1,57,500 தான், முன்னே இருந்ததில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லை. பன்னிரண்டு வீட்டுக்குப் பங்கு வைத்த அரிசி ஒரே வீட்டுக்குக் கிடைத்த மாதிரி! கடைசியாகத்தான் தரத்தைத் தொட்டேன். 85-ல் வைத்ததும் 41 கே.பி. வந்தது.

எல்லாப் படத்துக்கும் 85 சரிவராது. உப்பளமும் வெறும் வானமும் உள்ள படம் சீக்கிரம் சுருங்கும். அதே புள்ளிக் கணக்கில் மீன்வலைக் குவியலை எடுத்தால் சுருங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும், அத்தனை முடிச்சு இருக்கே! ஒரு தடவை சுருக்கிய படத்தையே திருப்பித் திருப்பிச் சுருக்கினால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கெடும். அதனால் மூலப்படத்தை அழிச்சிராதீங்க.

கையெழுத்துதான் படுத்தியது. மை ஓரத்தில் தூசி தூசியாகப் புள்ளி வந்தது. எழுத்து, வரைபடம் இதற்கெல்லாம் எதையும் கழிக்காத பி.என்.ஜி. நல்லது, ஆனால் விண்ணப்பத்தில் ஜேபெக்தான் கேட்டிருந்தார்கள். அக்காவை வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் மறுபடி போடச் சொல்லி, ஒட்ட வெட்டினேன். 14 கே.பி.

ராத்திரி பத்து மணிக்கு விண்ணப்பம் ஏறிட்டு. மூக்குத்தியும் தெரியுது.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி