விஞ்சின் கடையாணி

பாய்மரப் படகில் பாய்க்கயிற்றை இழுக்க உதவும் விஞ்ச் என்னும் பொறியைப் பிரிக்கும்போதெல்லாம், உருளையைப் பிடித்திருக்கும் கம்பி வளையம் துள்ளிக் கடலில் விழுந்துவிடுகிறதே, இதற்கு உபாயம் உண்டா என்று அன்பர் ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். தென் இங்கிலாந்தில், வைட் தீவின் கவுஸ் துறையிலே, நண்பரின் படகில் நான் திருப்புளியும் கையுமாக அமர்ந்திருந்த ஒரு காலைப்பொழுதில், மோதிரத்தைவிடச் சற்றே பெரிய அத்தகைய வளையம் ஒன்று என் விரலிடுக்கிலிருந்து பறந்து சோலண்ட் நீரில் மறைந்ததும், அதனால் அன்றைய பிரயாணமே நின்றுபோனதும் உடனே ஞாபகம் வந்தன.

40 என்று எண் பொறித்த விஞ்ச், உராய்வில் போவது போக, நம் கைப்பலத்தை ஏறக்குறைய நாற்பது மடங்காக்கிப் பாயை இழுக்கும் என்பதை மட்டும் சொல்லி, வளையத்துக்கு வருகிறேன்.

எங்கள் பாட்டனாரின் மாட்டுவண்டியில் சக்கரம் இருசை விட்டுக் கழன்றோடாமல் காத்தது கடையாணி. பாரத்தைச் சுமப்பது சக்கரம், இழுப்பது மாடு. கடையாணி இரண்டும் செய்வதில்லை, ஆயினும் அது இன்றி வண்டி ஊர் எல்லையைத் தாண்டாது. சர்க்கிளிப்பு எனப்படும் இவ்வளையமும் அவ்வாறே: பாய்க்கயிற்றின் வலிமை முழுவதையும் பேரிங்குகளும் நடுத்தண்டும் தாங்க, உருளை மேலெழுந்து வராமல் காப்பதொன்றே இதன் தர்மம்.

கழற்றுமுன், அடியில் துளையிட்ட அட்டைப்பெட்டி ஒன்றை விஞ்சின்மேல் கவிழ்க்காமல் நிமிர்த்தி மாட்டிவிட வேண்டும். துள்ளுவது எதுவாயினும் அதற்குள்ளேயே விழும். வளையத்தில் ஒரு நூலையும் கட்டி, ஒரு மெல்லிய திருப்புளியால் அதன் ஒரு முனையைப் பள்ளத்திலிருந்து நெம்பி, அது திரும்ப இறங்காதபடி இன்னொன்றால் தாங்கிக்கொண்டு, பெருவிரலால் மூடியபடியே சுற்றிவந்து எடுக்க வேண்டும். தேவைக்கு மேல் விரித்த வளையம் தன் விறைப்பை இழந்துவிடும். உருளையை மெதுவாகவே தூக்குக. பழைய கிரீஸில் ஒட்டிய பேரிங்குகள் அதனோடு வந்து நழுவுவதுண்டு.

மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தபின், பற்சக்கரங்களுக்குக் கிரீஸை மெல்லப் பூசலாம். உருளை பின்சுழலாமல் தடுக்கும் சிறு நாக்குகளுக்கோ இலேசான எண்ணெய் மட்டுமே உகந்தது. வைக்கோற்கரியை விளக்கெண்ணெயில் குழைத்த வண்டிமையைத் தாராளமாக அப்பிப் பழகிய கைக்கு இச்சிக்கனம் எளிதில் வராது. ஆனால் கிரீஸ் இறுகி நாக்கு ஒட்டிக்கொண்டால், அதன் சிறு வில்லால் அதை வெளியே தள்ள இயலாது. பாரத்தோடு பின்சுழலும் கைப்பிடி மணிக்கட்டையே முறித்துவிடக்கூடும். அதிகமாகச் செய்த உபசாரமும் அபாயமாவதற்கு இது சாட்சி.

மரப்பலகைக்கு வார்னிஷும் பித்தளைக்கு மெருகும் இட்டு மகிழும் படகுக்காரர் பலர், விஞ்சைப் பல ஆண்டுகள் திறப்பதே இல்லை. சுழல்கிறவரை சுழலட்டும் என்பது சோம்பலேயன்றி நம்பிக்கை ஆகாது. ஆண்டுக்கொரு முறையேனும் அதைத் திறந்து பார்ப்பது, அதை நம்பிக் கடலேறுவோரின் கடமை.

வண்டி பூட்டுமுன் பாட்டனார் இருண்ட கொட்டகையில் கடையாணியைத் தொட்டுப் பார்த்துவிட்டே நுகத்தடியைத் தூக்குவார். அன்பரும், வளையம் பள்ளத்தில் முற்றும் அமர்ந்து தடையின்றிச் சுழல்கிறதா என்று திருப்புளி நுனியால் ஒருமுறை சுற்றிப் பார்த்து, உருளையைத் திருப்பி நாக்குகளின் ‘டிக், டிக்’ ஓசையைக் கேட்ட பிறகே அட்டைப்பெட்டியை எடுப்பாராக.