பொடி வைத்து ஊதுவது

அம்மாவின் பழைய சங்கிலியை உருக்கிப் பார்த்தால் மாற்றுக் குறைகிறதாம். 'அந்தக் காலத்து ஆசாரி ஏமாற்றிவிட்டாரா?' என்று ஒரு வாசகி கேட்டு எழுதியிருக்கிறார். அவசரப்பட்டு அவரைத் திட்ட வேண்டாம். பெரும்பாலும் அது பொடியின் வேலையாக இருக்கும்.

சங்கிலியில் நூற்றுக்கணக்கான வளையங்கள். ஒவ்வொன்றின் வாயையும் மூடிப் பற்றவைத்தாக வேண்டும். பற்றவைக்கும் உலோகம் நகைக்கு முன்னால் உருகாவிட்டால் சங்கிலியே கட்டியாகிவிடும். அதனால் தங்கத்தோடு செம்பு, வெள்ளியைக் கூடுதலாகச் சேர்த்து உருக்கி, அரத்தால் ராவிப் பொடியாக்குவார்கள். எங்கள் தெரு ஆசாரி இணைப்பில் வெங்காரம் தடவி, பொடியை வைத்து, கன்னம் உப்ப ஊதுகுழலால் விளக்குச் சுடரை அதன்மேல் வளைப்பார். சட்டென்று ஒரு மினுக்கு. பொடி இடுக்குக்குள் ஓடிவிடும். 'பொடி வைத்துப் பேசுகிறான்' என்பதும் இந்தப் பட்டறையிலிருந்து வந்ததுதான் என்பார்கள்.

எனக்கு இதில் தீராத வியப்பு ஒன்று உண்டு. தங்கம் 1064 டிகிரி செல்சியஸில் உருகும், செம்பு 1085-இல். கலந்தால் இரண்டுக்கும் நடுவில் எங்கோ உருகும் என்றுதானே நினைப்போம்? 80 பங்கு தங்கத்தோடு 20 பங்கு செம்பு சேர்த்தால் ஏறக்குறைய 910 டிகிரியிலேயே உருகிவிடுகிறது! செம்பின் அணு சிறியது. தங்கத்தின் வரிசையில் ஒழுங்காக உட்காராது. கட்டுக்கோப்பு தளர்ந்து சீக்கிரம் கலைகிறது. சின்ன வயதில் குல்ஃபிக்காரர் பானையில் ஐஸோடு கல்லுப்பை அள்ளிப் போடுவதை வேடிக்கை பார்த்திருக்கிறேன். உப்புச் சேர்ந்த ஐஸ் பூஜ்யத்துக்குக் கீழேயே உருகும். இரண்டும் தூரத்துச் சொந்தம்.

பொடியால் மாற்றுக் குறைகிறதே என்று பிறகு காட்மியத்தைக் கொண்டுவந்தார்கள். 92 பங்கு தங்கத்துக்கு 8 பங்கு காட்மியம். 22 காரட் நகையின் தரம் கெடாது. கேடிஎம் என்பது இதுதான். ஆனால் காட்மியம் 767 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். அந்த ஆவி, குனிந்து வேலை செய்பவரின் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். நாமோ கேடிஎம் என்றால் சுத்தத் தங்கம் என்று பெருமையாக வாங்கி மாட்டிக்கொண்டோம். சேதாரத்துக்கு அரை மணி நேரம் பேரம் பேசுகிற நமக்கு, ஆசாரியின் மூச்சைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை.

இந்த வாசகி புது நகை வாங்கும்போது 916 முத்திரையோடு, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியும் இருக்கிறதா என்று பார்க்கட்டும். அப்படியே, எதை வைத்துப் பற்றவைத்தீர்கள் என்று கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்கட்டும்.