சிப் சுருங்கும், விரல் சுருங்காது

2020 நவம்பரில் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட மேக்புக் ஏர் மடிக்கணினிக்குள் ஃபேன் கிடையாது. எவ்வளவு நேரம் வேலை வாங்கினாலும் சத்தமே வராது. அதில் இருந்த எம்1 சிப், ஐபோன்களுக்காகப் பல ஆண்டுகள் செதுக்கிச் செதுக்கிச் செம்மைப்படுத்திய சிப்களின் வழியில் வந்தது. சட்டைப்பையில் போகும் கணினிக்காகக் கண்டுபிடித்த உத்திகள், கடைசியில் மடிக்கணினிக்கும் வந்து சேர்ந்துவிட்டன. அப்படியென்றால் இரண்டுக்கும் இனி திரையின் அளவு மட்டும்தான் வித்தியாசமா? இதற்கு விடை காண, இரண்டும் எங்கிருந்து புறப்பட்டன என்று பார்க்க வேண்டும்.

மேசையிலிருந்து இறங்கியது

1981இல் ஆடம் ஆஸ்பர்ன் சந்தைக்குக் கொண்டுவந்த 'ஆஸ்பர்ன் 1', கையில் தூக்கிச் செல்லக்கூடிய கணினிகளில் முதன்முதலில் நன்றாக விற்றது. எடை சுமார் 11 கிலோ, திரை 5 அங்குலம், விலை 1,795 டாலர். பேட்டரி கிடையாது; போகிற இடத்தில் பிளக் பாயிண்ட் இருந்தாக வேண்டும். ஆஸ்பர்னுக்குத் தமிழ்நாட்டோடு நெருங்கிய தொடர்பு உண்டு. ரமண மகரிஷியின் அன்பர் ஆர்தர் ஆஸ்பர்னின் மகனான அவர், சிறு வயதில் திருவண்ணாமலையில் வளர்ந்தார். 2003இல் கொடைக்கானலில் காலமானார்.

ஆஸ்பர்ன் 1 வந்த அடுத்த ஆண்டே கிரிட் காம்பஸ் வந்தது. பில் மாக்ரிட்ஜ் வடிவமைத்த இந்தக் கணினியில் திரை கீபோர்டின் மேல் மடிந்து மூடிக்கொள்ளும். இன்றும் எல்லா மடிக்கணினிகளும் அந்தக் கீலில்தான் மடிகின்றன.

இவற்றைச் செய்தவர்களின் நோக்கம் ஒன்றே: மேசைக் கணினியில் செய்கிற வேலை எதையும் விட்டுவிடாமல் கூடவே எடுத்துப் போக வேண்டும். அதனால் மேசைக் கணினியின் மென்பொருளும், பின்னாளில் அதன் ஹார்ட் டிஸ்க்கும், அதன் மின்பசியும் மடிக்கணினிக்கு அப்படியே வந்தன.

பேட்டரியிலிருந்து தொடங்கியது

பாக்கெட் கணினியைச் செய்தவர்கள் கணக்கை எதிர்முனையிலிருந்து தொடங்கினார்கள். பிரிட்டனின் சையான் நிறுவனம் 1997இல் வெளியிட்ட 'சீரிஸ் 5' அதற்கு நல்ல சான்று. சுவர்க் கடிகாரத்தில் போடுகிற ஏஏ செல் இரண்டு போட்டால், 30 மணி நேரம் வரை அதில் வேலை பார்க்கலாம்.

இரண்டு ஏஏ செல்களில் அடங்கியிருப்பது சுமார் 6 வாட்-மணி ஆற்றல். அதை 30 மணி நேரத்துக்குப் பங்கிட்டால், கணினிக்குக் கிடைப்பது ஒரு வாட்டில் ஐந்தில் ஒரு பங்கு. அதே காலத்து மடிக்கணினி, சுமார் 40 வாட்-மணி பேட்டரியை மூன்று மணி நேரத்தில் காலி செய்தது. அதாவது 13 வாட். அறுபது மடங்குக்கும் மேல் வித்தியாசம்!

இந்தச் சிக்கனம் எப்படிச் சாத்தியமாயிற்று? முதலாவது, சுழலும் ஹார்ட் டிஸ்க் இல்லை. மென்பொருள் முழுவதும் அழியாத நினைவகச் சிப்பில் பதிந்திருக்க, அங்கிருந்தபடியே இயங்கியது. இரண்டாவது, வெளி வெளிச்சத்தையே பிரதிபலித்துக் காட்டும் கறுப்பு-வெள்ளைத் திரை; பின்விளக்கு வேண்டும்போது மட்டும் எரியும். மூன்றாவதுதான் முக்கியம். ஒரு விசையை அழுத்தி அடுத்த விசையை அழுத்துவதற்குள் இருக்கும் நொடித் துணுக்கில்கூடச் சிப் உறங்கிவிடும். கணினியை அணைத்தாலும், எழுதியதை வைத்திருக்கும் நினைவகத்துக்கு மட்டும் துளித்துளியாக மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். மறுபடி பொத்தானை அழுத்தினால், விட்ட வரி, விட்ட எழுத்திலேயே கண்முன் நிற்கும். செல்லை மாற்றும் நேரத்தில் எழுதியது அழிந்துவிடாமல் காக்க, ஒரு சின்னப் பட்டன் பேட்டரியும் உள்ளே உண்டு.

மின்சாரம் கொடுக்காமலே ஓடிய சிப்

சீரிஸ் 5இன் சிப், ஏஆர்எம் வகையைச் சேர்ந்தது. அதன் முன்னோடி பிறந்த கதை சுவையானது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஏக்கான் நிறுவனத்தில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் ஓர் எளிய சிப்பை வடிவமைத்தார்கள். 1985 ஏப்ரல் 26 அன்று முதல் சிப் கைக்கு வந்து, சோதனைப் பலகையில் சரியாக இயங்கியது. மின்னோட்டத்தை அளந்து பார்த்தால் மீட்டர் பூஜ்யம் காட்டியது. மீட்டரில் கோளாறு இல்லை. சிப்புக்கு மின்சாரம் தரும் இணைப்புதான் வேலை செய்யவில்லை. பக்கத்துச் சிப்களிலிருந்து சமிக்ஞைக் கம்பிகள் வழியே கசிந்து வந்த மின்சாரமே அதை ஓட்டப் போதுமானதாக இருந்தது!

அதில் இருந்தவை சுமார் 25,000 டிரான்சிஸ்டர்கள். அதே ஆண்டு வந்த இன்டெல் 386 சிப்பில் 2,75,000. அந்த எளிமைதான் பாக்கெட் கணினிகளுக்கு வழி திறந்தது. 1993இல் ஆப்பிளின் நியூட்டன், பிறகு சையான், பிறகு கோடிக்கணக்கான செல்போன்கள், இறுதியில் ஃபேன் இல்லாத மடிக்கணினி என்று அந்தப் பரம்பரை நீண்டது.

சூடு என்னும் வேலி

இரண்டிலும் ஒரே வம்சத்துச் சிப் இருக்க முடிந்தாலும் இயற்பியல் விதி மாறவில்லை. சிப் செலவழிக்கும் மின்சாரம் அதன் வேகத்தைப் பொறுத்தும், மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தும் கூடும். வேகத்தைக் கூட்ட மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டியிருப்பதால், வேகம் இரட்டித்தால் செலவு இரண்டு மடங்கையும் தாண்டிப் போகும். அத்தனையும் சூடாகத்தான் வெளியே வர வேண்டும். செல்போனின் சூடு வெளியேற அதன் சிறிய உடல் மட்டுமே உண்டு. அதுவும் நம் உள்ளங்கையில் இருக்கிறது. சில வாட்டுகளைத் தாண்டினால் பிடிக்க முடியாது. அதனால்தான் வெயிலில் நின்று நெடுநேரம் வீடியோ எடுத்தால் போன் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. மடிக்கணினிக்குப் பரந்த உடம்பும், பலவற்றில் ஃபேனும் இருப்பதால், பல மணி நேரம் ஒரே வேகத்தில் உழைக்கும். ஒரு நிமிட ஓட்டத்தில் போன் ஈடுகொடுக்கும். நீண்ட ஓட்டத்தில் மூச்சு வாங்கும்.

விரலும் கண்ணும்

இன்னொரு வேலி நம் உடம்பு. கீபோர்டில் ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்த விசையின் நடுவுக்குச் சுமார் 19 மில்லிமீட்டர். பத்து விரல்களும் பார்க்காமலே தட்டத் தோதான இடைவெளி அது. டிரான்சிஸ்டர் எத்தனை சிறிதானாலும் இந்த இடைவெளி குறையாது.

இதை நன்கு புரிந்துகொண்டவர் ஜெஃப் ஹாக்கின்ஸ். பாம் பைலட் என்ற பாக்கெட் கணினியைச் செய்வதற்கு முன், சட்டைப்பைக்குள் அடங்கும் மரத்துண்டு ஒன்றை அறுத்து எடுத்தார். கூட்டங்களில் அதை வெளியே எடுத்து, குச்சியால் தட்டித் தட்டி நாட்குறிப்பைப் பார்ப்பதுபோல் பழகினார். எந்த வேலைக்கு மனிதர் அதைக் கையில் எடுப்பார் என்பதை அந்த மரத்துண்டு காட்டிக்கொடுத்தது. முகவரி, சந்திப்பு, செய்ய வேண்டிய வேலைகள், ஒரு வரிக் குறிப்பு. இவற்றுக்கென்றே செய்து 1996இல் வெளியிட்ட கருவி அமோகமாக விற்றது. கட்டுரை எழுதவும் கணக்குப் புத்தகம் போடவும் அதை அவர் செய்யவில்லை.

எழுதும் பிள்ளைக்கு எது?

இந்த வேறுபாடு நம் பள்ளிகளுக்கு மிக முக்கியம். 2011இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. இன்று, 'வீட்டில்தான் போன் இருக்கிறதே, மடிக்கணினி எதற்கு?' என்ற கேள்வி எளிதாக எழுகிறது. பாடம் பார்க்க, சொல் தேட, ஐயம் கேட்கப் போன் போதும். ஆனால் பத்துப் பக்கக் கட்டுரை எழுதி, வெட்டி ஒட்டித் திருத்தவோ, நூறு வரி நிரல் எழுதிப் பிழை தேடவோ, அட்டவணையில் கணக்குப் போடவோ இரண்டு கட்டைவிரலும் உள்ளங்கை அகலத் திரையும் போதாது. மடிக்கணினி வாங்க முடியாத இடத்தில், போனோடு ஒரு தனிக் கீபோர்டையும் பெரிய திரையையும் இணைத்துக் கொடுத்தாலும் பாதிச் சிக்கல் தீரும்.

இனிக் கருவி வாங்கும் பெற்றோரும் பள்ளிகளும் சிப்பின் வேகத்தோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும்: இந்தப் பிள்ளையால் பத்து விரலும் பதித்து, கண் நோகாமல், இரண்டு மணி நேரம் இதில் எழுத முடியுமா? முடியும் என்றால், அந்தப் பிள்ளை பிறர் செய்ததைப் பார்ப்பதோடு நிற்காமல், தானும் ஒன்றை உருவாக்கத் தொடங்கும்.